நேற்று என்றுதான் அவர் சொன்னார்

ஒரு மனிதர் ‘நேற்று’ என்று சொன்னதை நான் ‘நாளை’ என்று மாற்றிச் சொன்னேன். தெரியாமல் சொன்னதல்ல. என்னைக் காப்பாற்றிக்கொள்ள, தெரிந்தே சொன்னேன். அந்த ஒரு சொல்லால் அவருடைய மேஸ்திரி வேலை போயிற்று. நிரந்தர வேலைக்கான பட்டியலில் இருந்த அவருடைய பெயரும் அடிபட்டது. எனக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. இதைச் சிலரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் வளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. எழுதினால் வளைக்க முடியாது என்று நினைத்து எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், செம்பூரையும் கோவண்டியையும் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பெரிய ஊழியர் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுகிற கூலியாட்கள் தங்குவதற்காகச் சரிவில் வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். தெலுங்கர்கள், ராஜஸ்தானிகள், கன்னடக்காரர்கள், நம் சேலம் பக்கத்து மண்வேலைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு அங்கே இருந்தார்கள். அந்த இடத்துக்குப் பெயர் கேம்ப். நான் அதற்குச் சானிட்டரி இன்ஸ்பெக்டர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன், பாலக்காட்டுக் குடும்பம், பி.எஸ்ஸி. படித்து அதற்கு மேல் டிப்ளமாவும் வாங்கியவன். வீட்டில் என் வேலையை ‘ஹெல்த் டிபார்ட்மென்ட்’ என்று சொல்லிக்கொண்டார்கள். கழிப்பிடங்களைப் பார்வையிடுகிற வேலை என்று அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முக்காதம் என்பது பம்பாயில் கூலிக் கூட்டத்தின் தலைவருக்குப் பெயர். நம் ஊர் மேஸ்திரி மாதிரி. கேம்பின் துப்புரவு ஆட்களுக்கு முக்காதமாக இருந்தவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். தாராவியில் குடியிருந்தார். விடியும் முன்பே சயானில் ரயில் பிடித்து, குர்லாவில் மாறி, கோவண்டியில் இறங்கி, மனைவியோடு நடந்து வருவார். மனைவிக்கும் அங்கேதான் வேலை. அவருக்கு என்னைவிடக் குறைந்தது பதினைந்து வயது கூடுதல் இருக்கும். நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைச் ‘சார்’ என்றார்.

கேம்பில் சாக்கடை கிடையாது. நீளக் குழி வெட்டி, மேலே பலகை போட்டு, சுற்றிச் சாக்குத் திரை கட்டியிருக்கும். வெட்டிய மண் பக்கத்திலேயே குவிந்திருக்கும். போகிறவர்கள் திரும்பும்போது ஒரு சட்டி மண்ணைத் தள்ளிவிட்டு வர வேண்டும். குழி நிரம்புவதற்குள் அதை மூடிவிட்டு வேறு குழி வெட்ட வேண்டும். புத்தகத்தில் இது இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தை நான் பரீட்சையில் நன்றாக எழுதியிருந்தேன். அதை நடத்திக் காட்டியவர் அவர்.

அவர் கையில் ஒரு மூங்கில் கோல் இருக்கும். அதில் கத்தியால் மூன்று வெட்டு. கோலைக் குழியில் இறக்கினால் மேல் வெட்டு தெரியக் கூடாது, அது வெட்ட வேண்டிய ஆழம். நடு வெட்டு வெளியே வந்தால் அடுத்த குழிக்கு இடம் பார்க்க வேண்டும். கீழ் வெட்டும் வெளியே வந்துவிட்டால் யார் வந்து கத்தினாலும் குழியை மூடிவிட வேண்டும். படிக்கத் தெரியாத ஆட்களுக்கும் அந்தக் கோல் போதும். அடுப்புச் சாம்பலை ஒரு பிடி வீணாக்க விடமாட்டார். கொட்டகை கொட்டகையாகக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாம்பலைத் தனியாக, காய்த்தோலைத் தனியாக, சிமென்ட் பையைத் தனியாக வாங்குவார். தோல் எருமைக்காரர்களுக்குப் போகும். சாம்பல் குழிக்குப் போகும். பெண்களின் குழிக்குத் திரையை ஒற்றை மறைப்பாக விடாமல், நத்தை ஓடு போல ஒரு சுற்று வளைத்துக் கட்டச் செய்திருந்தார். உள்ளே போகிறவள் இரண்டு முறை திரும்பிப் போக வேண்டும், எங்கே நின்று பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கத்து வேலை முழுவதும் அவருடைய மனைவிக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும்தான். அவரே அங்கே போவதென்றால் வெளியே நின்று மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு போவார்.

ஈயை வைத்துத்தான் அவருடைய கணக்கு. அட்டையில் வெல்லத்தைத் தேய்த்து ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் சற்று நேரம் வைப்பார்.

“ஒண்ணு ரெண்டு ஈ வந்தா பொண்ணு பாக்க வந்திருக்கும்னு விட்டிரலாம் சார். பத்து வந்திட்டுன்னா உள்ள கல்யாணமே நடக்குன்னு அர்த்தம். எங்கியோ சோத்தக் கொட்டி வச்சிருக்கானுவ.”

தன் ஆட்களிடம் அவருக்கு வேறு தொனி. “ஏலே, ஒரு சட்டி மண்ணத் தள்ளுனா கை தேஞ்சா போவும்? ஒங்க மாமியா வீட்டுக்கு விருந்துக்கா வந்திருக்க?” என்பார். தெலுங்கர்களிடமும் ராஜஸ்தானிகளிடமும் இந்தி. அது தாராவி இந்தி. “பாய், மிட்டி டால்னா. நை தோ மக்கி ஆனா, ரொட்டி பே பைட்னா, தும் பீமார் ஹோனா.” மண்ணைப் போடு, இல்லாவிட்டால் ஈ வரும், ரொட்டியில் உட்காரும், நீ படுத்துக்கொள்வாய் என்று பொருள். இலக்கணம் கிடையாது. நேற்று நடந்ததோ, இன்று நடப்பதோ, நாளை நடக்கப்போவதோ, எல்லா வினைக்கும் ஒரே ‘னா’தான். தாராவியில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள், எல்லோருக்கும் புரிந்தது. என் வீட்டில் அந்த இந்தியைப் பேசிக் காட்டிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் நான் நேரில் போய்ப் பார்த்தது குறைவு. முதல் சில வாரம் நடந்தேன். பிறகு அலுவலகக் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலையில் அவர் வந்து வாசலில் நின்று எந்தக் குழி, எந்த வெட்டு, எந்தக் கொட்டகையில் ஈ, எங்கே வயிற்றுப்போக்கு என்று சொல்வார். நான் அதை ஆங்கிலத்தில் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பார்வையிட்டது நான் என்று அதில் இருக்கும். மேலிடத்தில் என் பதிவேட்டைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டோடு, துப்புரவு முக்காதம் நல்லவர், குடியிருப்பு முடிந்ததும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று நானே பரிந்துரை எழுதினேன். அவர் பெயர் பட்டியலில் ஏறியது. தாராவியில் அந்தச் செய்தி பரவியது. ‘பெர்மனன்ட்’ என்ற சொல்லுக்கு அங்கே இருந்த மதிப்பு பெரியது. அவருடைய மனைவி எனக்கு ஒரு தூக்குச் சட்டியில் அதிரசம் கொண்டுவந்தாள். நான் வாங்கி, பியூனிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் மாத முதல் பெருமழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை, மாலை நாலு மணிக்குச் சற்று முன்பு அவர் சேற்றுக் காலோடு வந்தார். காலையில் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று, இது இரண்டாம் முறை.

“சார், கெழக்குச் சரிவுல பழைய குழி இருக்குல்லா, அதுக்குக் கீழ ஊத்து எடுத்திருக்கு. தண்ணி தரைத் தொட்டிப் பக்கமா இறங்குது. நெறம் சரியில்ல. இன்னைக்கே தொட்டிய மூடிரணும். நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா டேங்கர் தண்ணி வரும்.”

தரைத் தொட்டி என்பது குடிதண்ணீர்த் தொட்டி. அதை மூடவும் டேங்கர் கேட்கவும் என் கையெழுத்து வேண்டும். நேரில் பார்க்காமல் அந்தச் சீட்டை எழுத முடியாது. பார்ப்பதென்றால் சரிவில் இறங்கி ஏற வேண்டும். நாலு மணிக்கு ஊழியர் பஸ். அது போய்விட்டால் கோவண்டி ஸ்டேஷன்வரை சேற்றில் நடை. என் காலில் புது ஷூ. வேறு காரணம் எதுவும் கிடையாது. இருந்தால் இந்த அறுபது வருஷத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

“நாளைக்குக் காலம்பர வந்து பார்க்கறேன்ப்பா. ஒரு ராத்திரியில என்ன ஆயிடப்போறது?” என்றேன்.

“சார், சனங்க சாயங்காலம்தான கொடத்தத் தூக்கிட்டு வரும்.”

“நாளைக்குன்னு சொன்னேனே” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அவர் என்ன செய்தார் என்பது மறுநாள் தெரிந்தது. தொட்டியைப் பலகை வைத்து மூடி, மேலே கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, தானும் மனைவியும் அதன் முன் நின்றிருக்கிறார்கள். குடத்தோடு வந்த பெண்கள் திட்டியிருக்கிறார்கள். ஒருத்தி குடத்தை அவர் மேலேயே எறிந்திருக்கிறாள். ஒப்பந்தக்காரரின் ஸ்டோர்க்காரர், இன்ஸ்பெக்டர் சீட்டு இல்லாமல் டேங்கர் கூப்பிட முடியாது என்று சொல்லிவிட்டார். மழை மறுபடி பிடித்ததும் முக்காதம், தகரக் கூரையில் முதலில் வழிவதை விட்டுவிட்டுப் பிறகு வருவதைப் பிடித்துக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிக் கொட்டகை கொட்டகையாகப் போயிருக்கிறார். அவர் தொட்டியை மூடும் முன் தண்ணீர் எடுத்துவிட்ட மூன்று கொட்டகைகளில் மட்டும் வாந்தியும் பேதியும் கண்டது. சித்தாள் வேலை செய்த ஒரு தெலுங்குப் பெண்ணை நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாளில் பிழைத்து வந்தாள். மற்றக் கொட்டகைகள் தப்பியது அந்த முள்ளால்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பெரிய என்ஜினீயர் வந்துவிட்டார். தில்லிப் பக்கத்துக்காரர், பம்பாய்க்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அலுவலகக் கொட்டகையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் நின்றேன். முக்காதம் எதிரே நின்றார். தண்ணீர் கெட்டது எப்போது தெரிந்தது, யாரிடம் சொன்னாய் என்று என்ஜினீயர் இந்தியில் கேட்டார்.

“கல் சாப்கோ போல்னா” என்றார் முக்காதம்.

இந்தியில் ‘கல்’ என்ற ஒரே சொல் நேற்றுக்கும் ஆகும், நாளைக்கும் ஆகும். வினைச்சொல்லைப் பார்த்துத்தான் எது என்று புரிந்துகொள்ள வேண்டும். அவருடைய இந்தியிலோ எல்லாமே ‘னா’; ‘நேற்று சாரிடம் சொன்னேன்’ என்பதும் ‘நாளை சாரிடம் சொல்வேன்’ என்பதும் அதில் ஒன்றுதான்.

என்ஜினீயர் நெற்றியைச் சுருக்கினார். “போலா? யா போலேகா?” சொன்னாயா, சொல்லப்போகிறாயா?

“ஹா சாப். கல். கல் போல்னா.” தெளிவாகச் சொல்லிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. என்னைப் பார்த்துத் தலையையும் அசைத்தார், நீங்களும் சொல்லுங்கள் என்பது போல.

என்ஜினீயர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். “உங்கள் ஊர்க்காரர்தானே? என்ன சொல்கிறார், நேற்றா, நாளையா?”

“டுமாரோ” என்றேன். என்னிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாராம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. தண்ணீர் கெட்டது இவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. மேலதிகாரியிடம் சொல்லாமல் தானாகவே தொட்டியை மூடியிருக்கிறார். டேங்கரும் வரவில்லை. அவர் போட்ட முள்ளே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. விசாரணைத் தாளை என்ஜினீயர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். முக்காதம் பொறுப்பு பறிக்கப்பட்டது, பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது, விருப்பமிருந்தால் தினக்கூலியாகத் தொடரலாம் என்று முடிந்தது. அதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியதும் நான்தான். சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலைக்கு வந்தார். கோலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

“இத அந்தப் புது ஆளுகிட்ட குடுத்திருங்க சார். மூணு வெட்டும் எதுக்குன்னு நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா மரியாதையா இருக்காது.”

புது முக்காதம் கெட்டவரல்ல. ஆனால் காலையில் என் வாசலில் வந்து நிற்க அவருக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே நான் நடந்தேன். அந்த மழைக்காலம் முழுவதும் சேற்றில் நடந்தபோதுதான், நான் இத்தனை நாள் யாருடைய கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் என்று தெரிந்தது. பதவி போன பிறகும் பழையவருடைய வரிசையில் இருந்த கொட்டகைகளில் ஈ உட்காரவில்லை. சாம்பல் தனியாகவே வந்தது. திரைச் சாக்கு கிழிந்த அன்றே தைக்கப்பட்டது. முன்பு தான் ‘ஏலே’ என்று அதட்டியவர்களோடு சமமாக நின்று மண் தள்ளினார். அவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். “என்ன முக்காதம், மாமியா வீட்டு விருந்து முடிஞ்சிட்டா?” என்றான் ஒருவன். “விருந்து முடிஞ்சா எச்சில் எல எடுக்கணும்லா, அதான் எடுக்கேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பத்தடி தள்ளி நின்ற நான் வேறு பக்கம் திரும்பி நடந்தேன்.

அடுத்த வருஷம், மழைக்கு முன், புதுக் குழிக்கு இடம் பார்க்க நானும் புது முக்காதமும் போனோம். நான் ஓர் இடத்தைக் காட்டினேன். மண்வெட்டியோடு நின்ற பழைய முக்காதம் கையை லேசாகத் தூக்கினார்.

“நான் ஒண்ணு சொல்லலாமா சார்?”

அதுவரை அவர் என்னிடம் அனுமதி கேட்டுப் பேசியதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகிறவர். நான் காட்டிய இடத்துக்கு அடியில் பாறை இருந்தது, தண்ணீர் இறங்காமல் பக்கவாட்டில் ஓடும் என்றார். அவர் சொன்னது சரி. அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்குள் இருந்த சமாதானங்கள் எல்லாம் முடிந்துபோயின.

அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் அவரும் மனைவியும் உட்கார்ந்திருந்த மரத்தடிக்குப் போனேன்.

“நீங்க அன்னிக்கு நேத்திக்குன்னுதான் சொன்னேள். நான்தான் மாத்திச் சொன்னேன். எழுதிக் குடுக்கப்போறேன்” என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். “கேட்டியா, சாரு என்னய ‘நீங்க’ங்காரு. வேல போன பெறவுதான் மரியாத வந்திருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. “அன்னைக்கே இவுகளுக்குத் தெரியும் சார்” என்றாள் என்னிடம்.

“எனக்கு இங்கிலீசுல தெரிஞ்சது நாலு வார்த்த” என்றார் அவர். “அதுல டுமாரோவும் ஒண்ணு. எந்த ஆபீசுக்குப் போனாலும் அதத்தான சொல்லுதாவ.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“யாருகிட்ட? என் பேச்ச அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய ஆளே நீங்கதான சார்.”

அவர் சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டார். “எழுதுங்க. ஆனா பாவப்பட்டு எழுதுதேன்னு எழுதாதீய. நடந்தத அப்படியே எழுதுங்க. ஷூவயும் எழுதுங்க.” ஷூவை அவர் கவனித்திருந்தார்.

எழுதினேன். ஷூவையும் எழுதினேன். என்ஜினீயர் படித்துவிட்டு, “சின்ன வயது உனக்கு. இது உன் சர்வீஸ் முழுக்கக் கூடவே வரும். எடுத்துக்கொண்டு போ, நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்” என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று நாள் அது என் பையில் இருந்தது. நாலாம் நாள் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டேன். அந்த மூன்று நாளுக்குள் நிரந்தரப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது. முதல் நாளே கொடுத்திருந்தால் அவர் பெயர் சேர்ந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. சேர்ந்திருக்கலாம்.

எனக்கு எழுத்தில் கண்டனமும் அம்பர்நாத்துக்கு மாற்றலும் கிடைத்தன. பதவி உயர்வு பல வருஷம் தள்ளிப்போனது. அது நியாயம்தான். அம்பர்நாத்தில் தொழிலாளிகள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே, கிழமையோடு எழுதிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு கடிதத்தின் நகல் எனக்கு வந்தது. அவர்மேல் குற்றமில்லை, காலியிடம் ஒன்று வந்திருக்கிறது, நியமிக்கப்படுகிறார் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். அவருக்கும் கடிதம் வந்திருந்தது, யாரோ படித்தும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் என்னைப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

“முக்காதம்னு போட்டிருக்கா?”

“இல்லை. துப்புரவுத் தொழிலாளின்னு போட்டிருக்கு.”

அவர் கதவுப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். “வாங்கிக்கிடுங்க. பெர்மனன்ட்டுல்லா” என்றாள் மனைவி. எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தாள். குடித்தேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “வாங்க சார், ரோடுவர வாரேன்” என்றார்.

வேலையில் சேர்ந்தார். சில வருஷம் கழித்து நானும் அதே குடியிருப்புக்கு மாற்றலாகி வந்தேன். கேம்ப் போய், சாலையும் சாக்கடையும் வந்திருந்தன. முக்காதம்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மழைக்கு முன் எந்தத் தெருவில் எங்கே அடைக்கும் என்று ஒவ்வொருவரும் அவரிடம்தான் போய்க் கேட்டார்கள். அவரும் கோபமில்லாமல் சொன்னார். அவரை முக்காதமாக்க வேண்டும் என்று நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ‘பழைய கோப்பின்படி இயலாது’ என்று திரும்பி வந்தது. இரண்டாவது தாள் வந்தபோது அவரே என் அறைக்கு வந்தார்.

“இனிமே எழுதாதீய சார். நீங்க எழுதும்போதெல்லாம் அந்தப் பைலத் தொறக்கான். மொதப் பக்கத்துல நான் தப்பு செஞ்சவன்னு இருக்காம். நீங்க எழுதுன லெட்டரு கடைசில இருக்காம். யாரும் அதுவர பெரட்டுததில்லயாம். கிளார்க்கு சொன்னான்.”

அந்த முதல் பக்கம் என் கையெழுத்தில் இருந்தது. அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார்கள். அதன் பிறகு நான் எழுதவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது தொழிலாளியாகத்தான் ஓய்வு பெற்றார்.